'மு' எங்கே இருந்தது?

நாவல் எழுதுகிறவனுக்கு ராஜாக்களைப் பற்றி எழுதுவது சுலபம். ராஜா சிம்மாசனத்தில் உட்கார்ந்தான், மீசையை முறுக்கினான், மந்திரியைக் கூப்பிட்டான் என்று எழுதினால் தீர்ந்தது. சிம்மாசனத்தில் ஏறும்போது வலது காலை முதலில் வைத்தானா, இடது காலை வைத்தானா என்று எந்த வாசகரும் கடிதம் போட்டுக் கேட்பதில்லை. ஆனால் ஒரு தச்சனைப் பற்றி எழுதிப் பாருங்கள். 'உளியை எடுத்தான்' என்று எழுதின மாத்திரத்தில் எந்த உளி, எந்தக் கையில், மரம் நின்றதா கிடந்ததா என்று பத்துக் கேள்விகள் வந்து எதிரே நிற்கின்றன. விடை தெரியாமல் மேலே ஒரு வரி நகராது.

இரண்டு வருஷமாக நான் எழுதி வரும் நாவலின் கதாநாயகன் ஓர் அச்சுக்கூடத்தில் எழுத்துக் கோக்கிறவன். அந்தக் காலத்துப் பேச்சில் சொன்னால் கம்பாஸிடர். காலம் 1950-களின் நடுப்பகுதி. முதல் அத்தியாயத்தில் அவன் ஒரு காதல் கடிதத்தை அச்சுக் கோக்க வேண்டும். கதைக்குள் வரும் கடிதந்தான். ஆனால் அவன் மனத்தில் வேறொருத்தி இருக்கிறாள். 'முகம்' என்ற சொல் வருகிறது. அவனுடைய வலது கை 'மு' என்ற எழுத்தை எடுக்கப் போகிறது. சரி, எங்கே போகிறது? மேலேயா, கீழேயா? இடப்பக்கமா, வலப்பக்கமா? இந்த ஒரு கேள்வியில் என் நாவல் ஏழு மாதம் நின்று விட்டது என்றால் நண்பர்கள் சிரிக்கிறார்கள்.

இப்போது இளைய வாசகர்களுக்காகக் கொஞ்சம் விளக்கம். ஈயமும் வெள்ளீயமும் ஆண்டிமனியும் கலந்து வார்த்த சின்னச் சின்ன எழுத்துக்கள் அவை. நெல்மணியைவிடக் கொஞ்சம் பெரிய தலை. உயரம் ஓர் அங்குலத்துக்குச் சற்றுக் குறைவு. தலையில் எழுத்து கண்ணாடியில் தெரிவது போலத் திரும்பி இருக்கும். இவற்றைப் பிரித்துப் போட்டு வைக்கிற கட்டம் கட்டமான மரத் தட்டுக்குக் 'கேஸ்' என்று பெயர். கம்பாஸிடர் அதன் எதிரே நின்று, இடது கையில் 'ஸ்டிக்' என்ற சிறிய இரும்புச் சட்டத்தைப் பிடித்துக் கொண்டு, வலது கையால் ஒவ்வோர் எழுத்தாகப் பொறுக்கி அதில் அடுக்குவார். இங்கிலீஷ்காரனுக்கு இருபத்தாறு எழுத்து. பெரியதும் சிறியதுமாக ஐம்பத்திரண்டு. நமக்கு? நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். க, க், கி, கீ, கு, கூ என்று மெய் ஒன்றுக்கு ஆறு வடிவம்; பதினெட்டு மெய்க்கு 108. பன்னிரண்டு உயிரும் ஆய்தமும் சேர்த்தால் 121. கால், ஒற்றைக் கொம்பு, இரட்டைக் கொம்பு, ஐகாரக் கொம்பு நான்கு. இவை தவிர, பழைய எழுத்து முறையில் ணா, றா, னா மூன்றுக்கும் தனி உருவம். துதிக்கை தூக்கின ணை, லை, ளை, னை நான்குக்கும் தனி உருவம். ஆக 132. ஜ, ஷ, ஸ, ஹ வகையறாவும், எண்களும், நிறுத்தக் குறிகளும் வேறு. இத்தனையையும் ஒரு மனிதன் பார்க்காமலே எடுக்க வேண்டும்.

1978-ஆம் வருஷம் தமிழ்நாட்டு அரசாங்கம் எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்றபோது, துதிக்கைகளும் மற்ற மூன்றும் போய் என் கணக்கில் ஏழு கட்டங்கள் காலியாயின. பெரியார் 1935-லிருந்தே தம் பத்திரிகையில் அப்படி அச்சிட்டு வந்தார். இந்தச் சீர்திருத்தத்தைப் பற்றி எத்தனையோ கட்டுரைகள் உண்டு. துதிக்கை 'லை'யைத் தேடிப் பழக்கத்தில் போன கை, காலிக் கட்டத்தில் விழுந்து திரும்பின சங்கதியை யாரும் எழுதினதாகத் தெரியவில்லை.

நூலகங்களுக்குப் போனேன். நிறையக் கிடைத்தது. தமிழ்தான் இந்திய மொழிகளில் முதன்முதலில் அச்சேறியது என்பதை நாம் எல்லோரும் மேடையில் கேட்டிருக்கிறோம். அதன் உள்விவரம் மேடைப் பேச்சைவிட ஸ்வாரஸ்யமானது. கோவாவுக்கு 1556-ல் வந்து சேர்ந்த அச்சு இயந்திரம் உண்மையில் அபிசீனியாவுக்குப் போக வேண்டியது. வழியில் இங்கே தங்கி விட்டது. கைவேலை தெரிந்த ஒரு ஸ்பானியத் துறவிச் சகோதரர், ஜுவான் கொன்ஸால்வஸ் என்பவர், 1577-ல் கோவாவில் தமிழ் எழுத்துக்களை வெட்டினார். அடுத்த வருஷம் கொல்லத்தில் பாதிரியார் ஜான் தெ பாரியா வேறு எழுத்துக்கள் செய்தார். 1578 அக்டோபர் 20-ஆம் தேதி 'தம்பிரான் வணக்கம்' கொல்லத்தில் அச்சாகி முடிந்தது. பதினாறே பக்கம். அதன் கடைசிப் பக்கத்தில் கோவா எழுத்தையும் கொல்லத்து எழுத்தையும் மாதிரிக்காக அச்சிட்டிருக்கிறார்கள். பிரார்த்தனைப் புஸ்தகத்தின் கடைசியில் வந்து, 'பார், நாங்கள் செய்த எழுத்து!' என்று தொழிலாளி ஒரு பக்கம் பிடித்துக் கொண்டான் பாருங்கள், அது எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

தரங்கம்பாடிக் கதையோ முழு நாவலுக்குக் காணும். ஸீகன்பால்கு பாதிரியாருக்கு லண்டன் கிறிஸ்தவ சங்கத்தார் அனுப்பிய அச்சு இயந்திரத்தை ரியோ டி ஜெனீரோவில் பிரெஞ்சுக்காரர்கள் கப்பலோடு பிடித்து விட்டார்கள். மீட்டு வந்தால், கூட வந்த அச்சுக்காரர் வழியிலேயே காய்ச்சல் கண்டு இறந்து போனார். 1712-ல் இயந்திரம் மட்டும் தரங்கம்பாடியில் வந்து இறங்கிற்று. ஓட்டத் தெரிந்தவன் யார் என்று தேடினதில் டேனிஷ் கம்பெனிச் சிப்பாய்களிலேயே ஒருவன் அகப்பட்டான்! தமிழ் எழுத்துக்கள் ஜெர்மனியில் ஹாலே நகரத்தில் தயாராயின. வெட்டினவர்கள் தமிழ் ஒலியைக் காதால் கேட்டவர்கள் அல்லர்; எழுதி அனுப்பின மாதிரியைப் பார்த்து வெட்டினார்கள். 1713-ல் வந்த அந்த எழுத்துக்கள் கொழுகொழுவென்று பெரிதாக இருந்தன. அந்த அளவில் புதிய ஏற்பாட்டை அச்சிட்டால் காகிதம் கட்டி வராது. ஆகவே ஆட்லர் என்ற ஜெர்மன் தொழிலாளி தரங்கம்பாடியிலேயே சிறிய எழுத்துக்களை வார்த்தார். ஈயத்துக்கு எங்கே போவது? லண்டனிலிருந்து வந்த பாலாடைக்கட்டிகளைச் சுற்றியிருந்த ஈயத்தை உருக்கிக் கொண்டார் என்று ஒரு கதை வழங்குகிறது. 1715-ல் புதிய ஏற்பாடு முழுதும் வந்தது. பக்கத்துப் பொறையாற்றில் காகிதப் பட்டறைகூட வைத்தார்கள்.

இவ்வளவும் எனக்குப் பரம சந்தோஷம். ஆனால் கவனித்தீர்களா? இயந்திரத்தை அனுப்பினவர் யார் என்று தெரிகிறது. பிடித்தவர் யார், மீட்டவர் யார், எழுத்து வார்த்தவர் யார், எல்லாம் தெரிகிறது. அந்த எழுத்தைக் கட்டத்திலிருந்து பொறுக்கி வரிவரியாகக் கோத்தானே தமிழ்ப்பிள்ளை ஒருவன், அவனைப் பற்றி நான் படித்த புஸ்தகங்களில் ஒரு வரி இல்லை. அவன் இல்லாமல் இருக்க முடியாது. தலைகீழாகத் திரும்பின தமிழைப் பிழையில்லாமல் படிக்கத் தமிழ்க் கண் வேண்டுமல்லவா?

பிற்காலத்திலும் அதே கதைதான். 1761-ல் ஆங்கிலேயர் புதுச்சேரியைப் பிடித்து, அங்கிருந்த அச்சு இயந்திரத்தைச் சென்னைக்குத் தூக்கி வந்தார்கள். அது வேப்பேரியில் பப்ரிஷியஸ் பாதிரியார் கைக்குப் போயிற்று. 1835-ல் சட்டம் தளர்ந்த பிறகு நம்மவர்கள் தாராளமாக அச்சுக்கூடம் வைத்தார்கள். ஆறுமுக நாவலர் 1849-ல் சென்னைக்கு வந்து இயந்திரம் வாங்கி யாழ்ப்பாணத்துக்குக் கொண்டு போனார். சென்னை அமெரிக்கன் மிஷன் அச்சுக்கூடத்தில் ஹன்ட் துரை அழகான எழுத்துக்கள் செய்வித்தார். 1862-ல் வந்த வின்ஸ்லோ அகராதியைப் பிரித்துப் பார்த்தால் இன்றைக்கும் கண்ணில் ஒற்றிக் கொள்ளலாம். 1867-ஆம் வருஷத்துச் சட்டம் ஒன்று, எந்தப் புஸ்தகமானாலும் அச்சிட்டவர் பெயரும் ஊரும் அதில் இருந்தே தீர வேண்டும் என்றது. நல்ல சட்டந்தான். ஆனால் 'அச்சிட்டவர்' என்றால் முதலாளி. தவறு நடந்தால் பிடிப்பதற்கு ஓர் ஆள் வேண்டும், அவ்வளவுதான். எழுத்தைக் கோத்தவன் பெயரைச் சர்க்காரும் கேட்கவில்லை, நூலாசிரியரும் போடவில்லை.

எழுத்துக் கோத்த ஒருவர் பெயர் வெளியே வந்ததென்றால், பெரும்பாலும் அவரே எழுத ஆரம்பித்ததால்தான். விந்தன் அப்படி வந்தவர். பிறர் கதைகளை அச்சுக் கோத்துக் கொண்டிருந்தவர், தம் கதையைக் கொண்டு வந்து நீட்டினார். அவர் கதைகளில் ஏழைகள் காட்சிக்கு வைத்த பொம்மைகளாக நிற்பதில்லை என்றால் அதில் ஆச்சரியம் என்ன?

போகட்டும், 'மு' எங்கே? தரமணியில் உள்ள ரோஜா முத்தையா நூலகத்தில் பழைய நாவல்களாக வாங்கிப் புரட்டிக் கொண்டிருந்தேன். கோட்டையூர்க்காரர் ஒருவர் வாழ்நாளெல்லாம் தேடிச் சேர்த்த புஸ்தகங்கள் அவை. அங்கேதான் எனக்கு ஒரு வழி புலப்பட்டது. கேஸின் படம் எந்தப் புஸ்தகத்திலும் இல்லை. ஆனால் புஸ்தகங்களில் பிழைகள் இருக்கின்றன!

அச்சுப்பிழை என்று நாம் ஒரே பெயர் வைத்திருக்கிறோம். அதில் மூன்று ஜாதி உண்டு. காதின் பிழை ஒன்று. 'அறை' என்பது 'அரை' ஆவது இந்த வகை. கோக்கிறவர் வரியை மனத்துக்குள் சொல்லிக் கொண்டே கோத்ததன் பலன். கண்ணின் பிழை இன்னொன்று. என்னைப் போன்றவர்கள் கையெழுத்தில் 'ள'வும் 'ன'வும் அண்ணன் தம்பியாக இருந்தால் என்ன செய்வார் பாவம். மூன்றாவது ஜாதிதான் விசேஷம். ஒரு பழைய நாவலில் 'பினைத்தான்' என்று இருந்தது. 'நினைத்தான்' என்று இருக்க வேண்டும். 'நி'யும் 'பி'யும் ஒலியில் ஒன்றல்ல; உருவத்திலும் ஒன்றல்ல. பின் எப்படி வந்தது? அதே புஸ்தகத்தில் இன்னும் மூன்று இடத்தில் 'நி' விழ வேண்டிய இடத்தில் 'பி' விழுந்திருந்தது. காதும் கண்ணும் செய்யாத பிழையைச் செய்யக் கூடியது ஒன்றுதான் மிச்சம். கை! அந்த அச்சுக்கூடத்து கேஸில் 'நி'யின் கட்டத்துக்கு அடுத்த கட்டம் 'பி' என்று எனக்குத் தோன்றியது. நெடுங்கணக்கில் ந-வுக்கு அடுத்தது ப தானே?

அந்தப் பிழை கோத்தவருடையது என்றுகூடத் தீர்மானிக்க முடியாது. அச்சான பிறகு எழுத்துக்களைக் கழுவிப் பிரித்து அந்தந்தக் கட்டத்தில் திரும்பப் போடுவார்கள். தொழில் பழக வந்த பையன்களுக்கு முதலில் கொடுக்கும் வேலை அது. முந்தின நாள் மாலை ஒரு பையன் தூக்கக் கலக்கத்தில் 'பி' ஒன்றை 'நி' கட்டத்தில் எறிந்திருப்பான். மறுநாள் கோத்தவர் கட்டத்தை நம்பி எடுத்திருப்பார். நாவலாசிரியர் தலையில் அடித்துக் கொண்டிருப்பார்.

அன்றிலிருந்து நான் நாவல்களைக் கதைக்காகப் படிப்பதை விட்டு விட்டேன். பிழைக்காகப் படித்தேன். பழைய புஸ்தகங்களில் 'பிழை திருத்தம்' என்று ஒரு பக்கம் இருக்குமே, அதை முதலில் பார்ப்பேன். அந்தப் பக்கம் ஏன் இருந்தது என்பதும் தொழில் சம்பந்தமான விஷயந்தான். அச்சுக்கூடத்தில் ஒரு முழுப் புஸ்தகத்துக்கு வேண்டிய எழுத்து ஒருநாளும் இருந்ததில்லை. பதினாறு பக்கம் கோத்து, ஒரு பாரம் அடித்து, எழுத்தைப் பிரித்து, அதே எழுத்தால் அடுத்த பதினாறு பக்கம் கோப்பார்கள். பத்தாவது பாரம் வரும்போது முதல் பாரத்துப் பிழை கண்ணில் பட்டால் செய்வதற்கு ஒன்றும் இல்லை. அது அச்சாகி மூலையில் அடுக்கியாகி விட்டது. ஜாபிதா போட்டு ஒப்புக் கொள்ள வேண்டியதுதான். தலைப்புப் பக்கமும் முகவுரையும் கடைசியில் அச்சாவதால், சில புஸ்தகங்களில் அந்த ஜாபிதா முன்னாலேயே வந்து வாசகரை வரவேற்கும். எழுத்தாளர் புரூபைச் சீக்கிரம் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று அச்சுக்கூடத்தார் கழுத்தைப் பிடித்ததற்கும் காரணம் இதுதான். என் முதல் கதை 1974-ல் அச்சானபோது ஒரு பையன் சைக்கிளில் புரூப் கொண்டு வந்து, நான் படித்து முடிக்கிற வரையில் வாசலிலேயே நின்றான். எனக்கு என்ன மரியாதை என்று அப்போது நினைத்தேன்!

'மு'வுக்கு ஒரு சாட்சி கிடைத்தது. ஒரு துப்பறியும் நாவலில், 'அவளுடைய யுகம் சிவந்தது.' ம-வுக்கு அடுத்தது ய. ஆனால் 'மு'வும் 'யு'வும் பார்வைக்கும் கொஞ்சம் நெருக்கமானவை. கண்ணின் பிழையாகவும் இருக்கலாம். இந்தச் சாட்சியை வைத்துக் கொண்டு கோர்ட்டுக்குப் போக முடியாது.

பிறகுதான் ஒரு பெரியவரைக் கண்டுபிடித்தேன். எண்பத்தெட்டு வயசு. பதினாலாவது வயசில் திருவல்லிக்கேணியில் ஒரு சிறிய அச்சுக்கூடத்தில் எழுத்துப் பிரிக்கச் சேர்ந்தவர். கடைசி வரையில் அங்கேயே இருந்தவர். இப்போது அம்பத்தூரில் மகள் வீட்டில் இருக்கிறார். நான் வந்த காரியத்தைச் சொன்னதும் அவர் மகள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். பெரியவர் மட்டும், "உட்காருங்க தம்பி" என்றார். எழுபது வயசுக்காரனைத் தம்பி என்று கூப்பிட ஆள் கிடைப்பது அபூர்வம். எனக்கு உடனே அவரைப் பிடித்து விட்டது.

"ஐயா, உங்கள் கேஸில் 'மு' எங்கே இருந்தது?"

பெரியவர் யோசித்தார். கண்ணை மூடிக் கொண்டார். "அதானே, எங்கே இருந்தது?" என்று என்னையே திருப்பிக் கேட்டார். 'து' எங்கே, 'ம்' எங்கே என்று கேட்டேன். "நடுவிலே, பெரிய கட்டம்" என்றார். அதற்கு மேல் வரவில்லை. எனக்கு மனம் விழுந்து விட்டது. அப்போது அவர் எழுந்து நின்றார். "வாயாலே கேட்டா வராது, தம்பி. நீங்க ஒரு வரி சொல்லுங்க" என்றார்.

நான் என் நாவலின் வரியைச் சொன்னேன். அவர் இடது கையை வயிற்றுக்கு எதிரே ஸ்டிக் பிடிக்கிற மாதிரி வைத்துக் கொண்டார். வலது கை காற்றில் கிளம்பியது. எங்கேயும் தயங்கவில்லை. ஒவ்வோர் எழுத்துக்கும் ஒரு திசை, ஒரு தூரம். எடுத்து வந்ததும் கட்டை விரல் ஒரு தரம் தடவிப் பார்த்தது. எழுத்தின் உடம்பில் ஒரு பக்கம் சிறிய வெட்டு இருக்குமாம். அது விரலுக்குத் தட்டுப்பட்டால் எழுத்து நேராக நிற்கிறது என்று அர்த்தம், கண்ணால் பார்க்க வேண்டியதில்லை. 'புஷ்பம்' என்று ஒரு சொல் வந்தது. 'ஷ்' எடுப்பதற்கு இடது புறம் ஓர் அடி நகர்ந்தார். அங்கே நாற்காலி கிடந்தது. அதை மகள் நகர்த்தி வைத்தாள். நான் காலண்டர் தாளைத் திருப்பிப் போட்டுப் பென்ஸிலால் கட்டம் போட்டுக் கொண்டே போனேன். 'முகம்' வந்தது. கை வலப்புறம் இடுப்புக்கு நேரே இறங்கிற்று. பெரியவர் அப்படியே நின்று தம் கையைக் குனிந்து பார்த்தார்.

"அட, இங்கேயா இருந்தே நீ!" என்றார்.

இரண்டு பிற்பகல்களில் எழுபதுக்கு மேற்பட்ட கட்டங்களைக் குறித்து விட்டோம். அடிக்கடி வருகிற எழுத்துக்கள் கைக்குக் கிட்டத்தில். மற்றவை நெடுங்கணக்கு வரிசையில் சுற்றிலும். 'ஙூ' போன்றவற்றை அவர் கை தேடவே இல்லை. நானும் அந்த எழுத்து வருகிற சொல் ஒன்று சொல்லித் தொலைக்க முடியவில்லை. இந்தப் படம் அவர் அச்சுக்கூடத்துக்கு மட்டுந்தான் பொருந்தும். "ஒரு ஆபீஸ் மாதிரி இன்னொரு ஆபீஸ் இருக்காது. இடம் மாறினா ஒரு மாசத்துக்குக் கை கெட்டுப் போகும்" என்றார். ஆகவே நான் நூலகத்தில் கண்டுபிடித்த 'நி'யும் 'பி'யும் அந்த ஒரு நாவலை அச்சிட்ட இடத்துக்குச் சொந்தம்.

வேலையைப் பற்றி அவர் சொன்னதெல்லாம் இங்கே கொள்ளாது. நாளெல்லாம் நிற்க வேண்டும். எழுத்துக் கழுவுகிற மண்ணெண்ணெய் வாசனை வீட்டுக்கும் கூடவே வரும். ஈயத்துக்கு முறிவு என்று வாழைப்பழம் சாப்பிட்டார்கள். கூலி கோத்த அளவுக்கு. பிழை தங்களுடையதானால் திருத்துவதற்குக் கூலி கிடையாது. எழுத்தாளர் புரூபில் மனசு மாறி, பாராவின் முதல் வரியில் ஒரு சொல்லைச் சேர்த்தால் அந்தப் பாராவின் அத்தனை வரிகளையும் தள்ள வேண்டும். "சில பேர் ரொம்ப நல்ல எழுத்தாளருங்க, தம்பி. ஒண்ணும் மாத்த மாட்டாங்க" என்றார். இலக்கிய விமரிசனத்தில் இந்த அளவுகோலையும் சேர்த்துக் கொள்ளலாம்.

1980-களின் கடைசியில் கம்ப்யூட்டர் வந்தது. பெரிய பத்திரிகைகள் முன்னமே வேறு இயந்திரங்களுக்குப் போயிருந்தன. சிறிய அச்சுக்கூடங்கள்தான் கையால் கோத்துக் கொண்டிருந்தன. இவருடைய அச்சுக்கூடம் 1993-ல் மூடியது. எழுத்துக்களைப் பழைய ஈயமாக எடைக்குப் போட்டார்கள். கேஸ்களை ஒருவர் வாங்கிப் போனார். கட்டம் கட்டமாக இருப்பதால் சின்ன பொம்மைகள் வைத்துச் சுவரில் மாட்ட நன்றாக இருக்கிறதாம். பேத்தி ஒருத்தி வீட்டில் கம்ப்யூட்டரில் தமிழ் அடிக்கிறாள். பெரியவர் அவள் பக்கத்தில் உட்கார்ந்து 'மு' எது என்று கேட்டிருக்கிறார். அப்படி ஒரு கட்டை இல்லை தாத்தா, 'ம'வைத் தட்டி 'உ'வைத் தட்டினால் அதுவாக வந்து விடும் என்றாளாம். இதை என்னிடம் சொல்லி வெகுநேரம் சிரித்தார்.

கிளம்புமுன் என் கதாநாயகனை அச்சுக்கூடத்தில் எந்த இடத்தில் நிறுத்தலாம் என்று கேட்டேன்.

"பையன் பத்துப் பாயிண்ட் கோக்கிறானா, பன்னிரண்டா?"

"நாவல் அச்சாகிறது. பன்னிரண்டு" என்றேன்.

"அப்போ உள்ளே தள்ளி நிக்கட்டும். ஜன்னலைப் பத்துப் பாயிண்ட்காரனுக்கு விட்டுடுங்க. அவனுக்குத்தான் வெளிச்சம் வேணும்."